நாற்பது ஆட்டு வண்டி

கிதர் முகம்மது சாயா கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, வாரப் பத்திரிகையின் முப்பத்திரண்டாம் பக்கத்தைப் பார்த்துத் திக்கென்று உட்கார்ந்த இடத்தில் போன வாரம் அவரை விட்டுவிட்டு வந்தோம். பாவம், மனுஷர் இன்னும் அப்படியேதான் உட்கார்ந்திருக்கிறார். சாயாவில் ஆடை கட்டிவிட்டது.

அந்தப் பக்கத்தில் இருப்பது அவர் தங்கை நர்கீஸ் எழுதிய கட்டுரை.

நர்கீஸைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பதினெட்டு வருஷம் மதுரையில் நாளிதழ் நிருபர். ஒருநாள் கொடைக்கானல் போனவள், சவாரிக் குதிரை ஒன்றின் முதுகில் சேணத்துக்கு அடியில் இருந்த புண்ணைப் பார்த்து எழுதினாள். அதிலிருந்து பிடித்துக்கொண்டது. பழனி ரோட்டில் கவிழ்ந்த மாட்டு லாரி, சந்தையில் தண்ணீர் இல்லாமல் நாக்குத் தொங்கி நின்ற ஆடுகள் என்று எழுதிக்கொண்டே இருந்தாள். ஆபீஸில் ‘ஆட்டுக்கார நிருபர்’ என்று கேலி செய்தார்கள். ‘ஆட்டுக்காரர் மகள்தானே, அப்படித்தான் இருப்பேன்’ என்று சிரித்துவிட்டு, கடைசியில் அந்த வேலையையும் விட்டாள். இப்போது வாயில்லா ஜீவன்களுக்காக எழுதுவது ஒன்றுதான் வேலை. இரண்டு புத்தகம் வந்துவிட்டது. மூன்றாவது இன்று சாயங்காலம் காந்திகிராமத்தில் வெளியாகிறது.

அண்ணன் திண்டுக்கல்லில் ஆட்டு வியாபாரி. தங்கை ஆட்டுக்காக வாதாடுகிறவள். அவர்கள் இருக்கும் பேகம்பூரில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. ஆனால் அண்ணனும் தங்கையும் ஒரு நாளும் முகம் திருப்பிக்கொண்டது இல்லை.

சரி, அந்தப் பக்கத்துக்கு வருவோம். ஒட்டன்சத்திரத்தில் விடிவதற்கு முன்னால், டீக்கடை மஞ்சள் லைட்டில் நிற்கிற ஒரு லாரியின் படம். நாற்பது ஆடு நிற்கும் இடத்தில் எண்பது ஆடு. பக்கப் பலகையின் இடுக்கு வழியாக ஒரு ஆட்டின் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. வண்டி நம்பரை நர்கீஸ் மறைத்திருக்கிறாள். டிரைவர் முகத்தையும் மறைத்திருக்கிறாள். ஆனால் கட்டுரையில் ஒரு வரி எழுதிவிட்டாள்: ‘இடுப்பில் சிவப்புக் கோடு போட்ட ஆடுகள்.’

அந்த ஒரு வரிதான் ஊரைக் கிளப்பிவிட்டது.

இந்தப் பக்கத்து ஆட்டு வியாபாரிகளுக்குச் சாயம்தான் விலாசம். சந்தையில் பத்துப் பேர் ஆடு ஒன்றாகக் கலந்து நிற்கும், அதனால் ஆளுக்கொரு சாயத்தில் கோடு இழுத்துவிடுவார்கள். சிவப்பு என்றால் அப்துல் லத்தீப். ரோஸ் என்றால் கிதர் முகம்மது. வேறு நிருபராக இருந்தால் அந்தக் கோடு கண்ணிலேயே பட்டிருக்காது. நர்கீஸ் வியாபாரி வீட்டுப் பெண், பார்த்ததும் படித்துவிட்டாள். மஞ்சள் லைட்டில் ரோஸும் சிவப்பாகத்தான் தெரியும் என்பதை மறந்துபோனாள். மறந்துபோனாள் என்றுகூடச் சொல்ல முடியாது. தன் அண்ணன் ஆடுகள் இப்படி அடைபட்டு நிற்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஆமாம், அவை கிதர் முகம்மதுவின் ஆடுகள்தான்.

“என்னங்க, அந்தச் சாயாவக் குடிக்கப் போறீங்களா, இல்ல அதுக்கும் கோடு போடப் போறீங்களா?”

சமையல்கட்டு வாசலில் மனைவி ரஃபியா நின்றிருந்தாள். கிதர் முகம்மது பத்திரிகையை மடக்கித் தொடைக்கு அடியில் வைத்தார்.

“ஒளிச்சு வைக்காதீங்க. நேத்தே என் போனுக்கு வந்துருச்சு. ஊரு பூரா லத்தீப் மாமா ஆடுங்குது. ரோஸு எது, செவப்பு எதுன்னு எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருசமா உங்க சட்டையத் தொவைக்கிறவ நான்.”

“ஒரே ஒரு தடவைன்னுதான் ஏத்துனேன் ரஃபியா.”

“ஒரே ஒரு தடவைய மூணு தடவை ஏத்திருக்கீக.”

அதுவும் உண்மைதான். சொந்த வண்டி கிளட்ச் போய்ப் பட்டறையில் கிடக்கிறது. வாடகைக்கு ஒரு வண்டிதான் கிடைத்தது. பாலக்காட்டு வியாபாரி எண்பது ஆடு கேட்டார், கொடுக்காவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்றார். அத்தா காலத்து வாடிக்கை கைவிட்டுப் போய்விடுமே என்று கிதர் முகம்மது பயந்தார். ஏற்றும்போது வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார். இரண்டாம் தடவை திரும்பி நிற்பது கொஞ்சம் லேசாக இருந்தது, அதுதான் அவருக்கே வெட்கம்.

வெட்கத்துக்குப் பெரிய காரணம் இன்னொன்று உண்டு. நர்கீஸ் பத்தொன்பது வயதுக் கல்லூரிப் பெண்ணாக இருந்தபோது, லோடு ஏற்றிய லாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு நகரமாட்டேன் என்றாள். ஊரே வேடிக்கை பார்த்தது. அத்தா அறைவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் லாரியில் ஏறி ஆடுகளுக்கு நடுவில் தானே செத்த நேரம் நின்று பார்த்துவிட்டு இறங்கி, மகனைப் பார்த்து, “நாப்பதுதான். நாப்பத்தோராவது ஆட்ட ஏத்துனா நான் உனக்கு அத்தா இல்ல” என்றார். அத்தா மவுத்தாகி மண்ணுக்குள் போன பிறகும், இந்த மூன்று தடவை வரைக்கும், கிதர் முகம்மது அதை மீறியதில்லை. நடுவில் தடுப்புப் பலகை, கீழே வைக்கோல், பழனி தாண்டித் தண்ணீருக்கு ஒரு நிறுத்தம். இன்று வெளியாகிற புத்தகத்தில் ஏழாவது அத்தியாயம் அதைப் பற்றித்தான். பெயர், ‘நாற்பது ஆட்டு வண்டி’. முதல் பிரதியை மேடையில் வாங்கப்போகிறவரும் கிதர் முகம்மதுதான்.

“இன்னைக்கு அவளுக்கு நல்ல நாளு. நாளைக்குச் சொல்றேனே?” என்றார்.

“நாளைக்கு நீங்க மேடையேறி வாங்கிட்டு எறங்கிருப்பீக. அப்பறம் சொல்றதும் ஒண்ணுதான், சொல்லாததும் ஒண்ணுதான்.”

அதற்குள் வாசலில் சலாம் கேட்டது. அப்துல் லத்தீப். அறுபது தாண்டியவர், எப்போதும் சட்டைக் காலரில் கைக்குட்டை வைத்திருப்பார். இன்று அந்தக் கைக்குட்டை கையில் இருந்தது.

“மாப்ளே, பள்ளிவாசல்ல பஜ்ரு தொழுதுட்டு வெளிய வாரேன். செருப்பப் போடுறதுக்குள்ள நாலு பேரு கேட்டுப்புட்டான். ‘என்ன பாய், எம்பது ஆட்ட ஒரே வண்டியில அடைச்சீகளாமே’ன்னு. நான் கேரளாவுக்கு லோடு ஏத்தி ரெண்டு வருசமாச்சு. உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும் மாமா.”

“நான் சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேங்குறான். பத்திரிகையில வந்துருச்சாம்ல. அதுவும் நர்கீசு எழுதிட்டா பொய்யா இருக்காதாம்.” லத்தீப் கைக்குட்டையைக் கசக்கினார். “சின்னப் புள்ளையில என் தோள்ல உக்காந்து சந்தைக்கு வந்தவடா அவ. அவ பேனாவுக்கு நான்தான் கெடைச்சேனா?”

கிதர் முகம்மதுவுக்கு நாக்கு நுனியில் வந்துவிட்டது. மாமா, அது என் ஆடு. நாலே வார்த்தை. ரஃபியா கதவோரம் நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் பேசுறேன் மாமா,” என்று மட்டும் சொன்னார்.

“பேசு மாப்ளே. நீ சொன்னா கேப்பா.” லத்தீப் அவர் கையைப் பிடித்து நன்றியோடு அழுத்திவிட்டுப் போனார். அந்தக் கை தன்னுடையதாக இல்லாமல் இருந்தால் தேவலையே என்று கிதர் முகம்மதுவுக்கு இருந்தது.

ரஃபியா கதவோரத்திலிருந்து வந்தாள். ஆறிப்போன சாயாவை எடுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் ஊற்றினாள்.

பத்து மணிக்குப் பாலக்காட்டில் இருந்து போன். பெருநாள் நெருங்குகிறது, செவ்வாய்க்கிழமையும் எண்பது, அதே மாதிரி ஒரே வண்டி. “பாக்கலாம்” என்று வைத்தார். முடியாது என்று ஏன் சொல்லவில்லை என்று அவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது.

மதியம் ஒரு மணிக்கு ஆட்டோ நிறைய புத்தகக் கட்டுகளோடு நர்கீஸ் வந்து இறங்கினாள். நாற்பத்தைந்து வயதிலும் படியை இரண்டிரண்டாகத் தாண்டித்தான் வருவாள்.

“மச்சி, பசி உயிரு போகுது. என்ன வெஞ்சனம்?” என்றாள் அண்ணியிடம்.

“உனக்குன்னு தனியா கத்திரிக்கா பெரட்டல். எலும்பு போடாத தால்ச்சா. வந்து உக்காரு.”

பழனி ரோட்டில் அந்த மாட்டு லாரி கவிழ்ந்த வருஷம் கறியை விட்டவள் நர்கீஸ். பிரியாணி ஊரில், ஆட்டு வியாபாரி வீட்டில் இப்படி ஒரு பிள்ளையா என்று அம்மா ஒரு வாரம் அழுதார். பிறகு பழகிவிட்டது. எந்தக் கல்யாண வீட்டிலும் ‘நர்கீஸ் தட்டு’ என்று ஒன்று தனியாக வந்துவிடும். அவளும் யாரையும் சாப்பிடாதே என்று சொன்னதில்லை. அறுக்கப்போகிற ஜீவன் அதுவரைக்கும் அவதிப்படக் கூடாது என்பாள், அவ்வளவுதான்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவள் கட்டைப் பிரித்து ஒரு புத்தகத்தை எடுத்து அண்ணன் முன்னால் வைத்தாள். முதல் பக்கத்தில், ‘சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற என் அண்ணனுக்கு’ என்று இருந்தது.

“எப்பிடி?” என்றாள், சின்னப் பிள்ளை மாதிரி முகத்தைப் பார்த்துக்கொண்டு.

கிதர் முகம்மது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“என்னண்ணே, ஒரு மாதிரி இருக்க? லத்தீப் மாமா வந்தாராக்கும்? எனக்கும் போன் பண்ணுனாரு. நான் இல்லம்மாங்குறாரு. என் கண்ணால பாத்தேன்ணே, கால் வெளிய தொங்குது. வயசான மனுசர், பாவமாத்தான் இருக்கு. அதுக்காக விட்டுற முடியுமா?”

“அது மாமா ஆடு இல்ல தாயீ.”

“பின்ன யாரு ஆடு?”

“நம்ம ஆடு. என் ஆடு.”

நர்கீஸ் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். வாயில் சோறு இருந்ததால் கையை வைத்துப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“மாமாவக் காப்பாத்த உனக்கு வேற பொய் கெடைக்கலயா? ஊருல யாரு சொன்னாலும் நம்பிருப்பேன், நீ சொல்றியே! மச்சி, அண்ணனப் பாரு, பழிய ஏத்துக்குறாராம்.”

ரஃபியா சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். செய்த தப்பைச் சொன்னால் நம்பமாட்டேன் என்கிற தங்கை ஒருத்தருக்கு வாய்த்தால் அவர் என்னதான் செய்வார்? தன் தப்புக்குத் தானே சாட்சி தேட வேண்டியதாகிவிட்டது கிதர் முகம்மதுவுக்கு. இடது கையால் சட்டைப் பையில் இருந்து போனை எடுத்தார். லோடு ஏற்றி முடித்ததும் வாடகை வண்டி டிரைவர் அனுப்பிய படம் இருந்தது. வெள்ளை ட்யூப் லைட்டில் எடுத்தது. பிதுங்கி நிற்கிற ஆடுகள், ஒவ்வொன்றின் இடுப்பிலும் பளிச்சென்று ரோஸ் கோடு.

நர்கீஸ் போனை வாங்கிப் பார்த்தாள். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

“எத்தன தடவை?”

“மூணு.”

“எத்தன ஆடு செத்துச்சு?”

ரஃபியாவுக்கே இது தெரியாது. அவளும் திரும்பிப் பார்த்தாள்.

“ரெண்டு,” என்றார் கிதர் முகம்மது. “ரெண்டும் குட்டிக.”

 திட்டினால் தேவலை, தட்டைத் தூக்கி எறிந்தாலும் தேவலை என்று இருந்தது அவருக்கு. நர்கீஸ் எழுந்து தன் தட்டைக் கழுவி வைத்தாள். கையைத் துடைத்தாள்.

“லத்தீப் மாமா, நான் இல்லம்மான்னு சொல்லச் சொல்ல நான் போனை வச்சுட்டேன்,” என்றாள் யாரிடமோ சொல்வது போல. “ஒரு ஆள ஒரு வார்த்த கேக்காம எழுதக் கூடாதுன்னு புதுசா வந்த பிள்ளைகளுக்கு நான்தான் சொல்லிக் குடுப்பேன்.”

“நர்கீசு…”

“அஞ்சு மணிக்கு வந்துரு,” என்றாள். புத்தகக் கட்டுகள் அங்கேயே கிடக்க, வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

“நான் அந்த மேடையில ஏற மாட்டேன்,” என்றார் கிதர் முகம்மது.

“ஏறச் சொன்னாளா? வரத்தான சொன்னா. அந்தக் கட்டத் தூக்குங்க,” என்றாள் ரஃபியா.

காந்திகிராமத்தில் அந்தச் சின்ன அரங்கில் எண்பது நாற்காலிதான் போட்டிருந்தார்கள். அந்த எண்ணிக்கை கண்ணில் பட்டதும் கிதர் முகம்மதுவுக்குச் சுருக்கென்றது. கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்தார். கால்நடை மருத்துவர்கள், மாணவிகள், நர்கீஸோடு முன்பு வேலை பார்த்தவர்கள் என்று கூட்டம் நிறைந்துவிட்டது. சந்தை ஆட்களும் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள், வேறென்ன.

விழாவை நடத்திய ரோஸ்மேரி டீச்சர் மைக்கில் அறிவித்தார். “முதல் பிரதியைப் பெற்றுக்கொள்ள… பெயர் மாறியிருக்கிறது, மன்னிக்கணும்… ஜனாப் அப்துல் லத்தீப் அவர்கள்.”

லத்தீப் முன் வரிசையில் இருந்து எழுந்தார். காலரில் கைக்குட்டை இருந்தது. சந்தை ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நர்கீஸ் புத்தகத்தை அவரிடம் கொடுத்துவிட்டு மைக் முன்னால் வந்தாள்.

“இந்த வாரக் கட்டுரையில செவப்புக் கோடுன்னு எழுதிருந்தேன். தப்பு. அது ரோஸ் கோடு. மாமாவுக்கும் அந்த வண்டிக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. மத்தியானம் அவரு வீட்டுக்குப் போயி மன்னிப்புக் கேட்டேன். ஆனா எழுதுனது ஊருக்கு முன்னாடி, அதனால இங்கயும் கேக்குறேன். அடுத்த வாரம் அதே பக்கத்துலயும் கேப்பேன்.”

 ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள்.

“ரோஸ் கோடு எங்க வீட்டுக் கோடு. இந்தப் புத்தகத்துல ஏழாவது அத்தியாயத்த நம்பி வாங்க வந்தவங்க, தயவுசெஞ்சு இன்னைக்கு வாங்காதீங்க.”

அரங்கில் சலசலப்பு எழுந்தது. பின் வரிசையில் ஒருத்தர், “அப்ப உங்க அண்ணனா?” என்று சத்தமாகக் கேட்டார்.

நர்கீஸ் வாயைத் திறப்பதற்குள் கிதர் முகம்மது எழுந்துவிட்டார். எழுந்ததே அவருக்குத் தெரியாது.

“நான்தான்,” என்றார். “எம்பது ஆட்ட ஏத்துனது நான்தான். அவளுக்குத் தெரியாது. காலையில மாமா வந்து கேட்டப்பவும் வாயத் தொறக்காம இருந்தேன். அவளக் கேக்காதீங்க, என்னையக் கேளுங்க.”

சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருந்தார். உட்காரவும் தோன்றவில்லை. லத்தீப் மேடையில் இருந்து அவரைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கிறாரா, பாவமாகப் பார்க்கிறாரா என்று அத்தனை தூரத்தில் தெரியவில்லை. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்தது. ஒரு புத்தகம்கூட விற்கவில்லை. கட்டுகளைத் திரும்ப ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்த கிதர் முகம்மதுவிடம் நர்கீஸ் வந்து நின்றாள்.

“அந்த அத்தியாயத்தக் கிழிச்சுரு தாயீ. மொதப் பக்கத்தையும் கிழிச்சுரு,” என்றார், முகத்தைப் பார்க்காமல்.

“கிழிக்கிறதா வேணாமான்னு செவ்வாக்கெழம சொல்றேன்.”

“செவ்வாக்கெழமையா?”

“அன்னைக்குத்தான உன் லோடு போகுது? மச்சி சொல்லிருச்சு. நானும் பாலக்காடு வாரேன்.”

“முன்னாடி எடமில்லம்மா. டிரைவரு, கூட ஒரு ஆளு…”

“முன்னாடி யாரு கேட்டா?” நர்கீஸின் கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல், இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் லாரிக்கு எதிரில் நின்ற பெண்ணின் குரலாகவே இருந்தது. “அத்தா நின்ன எடத்துல பின்னாடி நிக்கிறேன். நாப்பது ஆடுன்னா எனக்கு நிக்க எடம் இருக்கும்ல?”

அவருக்கு அழுகை வந்துவிட்டது. ரஃபியா அதைப் பார்க்காத மாதிரி ஆட்டோவுக்குள் கட்டுகளை அடுக்கினாள். இருக்கும் தாயீ என்று சொல்ல அவர் வாயெடுத்தபோது சட்டைப் பையில் போன் அடித்தது.

எடுத்துப் பார்த்தார். பாலக்காடு. கட் பண்ணப் போனார், அதற்குள் நர்கீஸ் எட்டிப் பார்த்துவிட்டாள்.

“எடுண்ணே,” என்றாள் நர்கீஸ். “ஸ்பீக்கர்ல போடு.”